உங்கள் தங்கை தத்துவம் படிக்கிறாள்

சிட்லபாக்கம்,
14-8-1973, செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் எட்மண்ட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை தபீதாளின் கணவன் வேதசிரோமணி வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே இருவரும் நலமாக இருக்கிறோம். எனக்கு மட்டும் இடுப்பில் ஒரு பிடிப்பு, அதன் காரணம் கீழே வரும். திண்டுக்கல்லில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதியதும் என் கை நின்றுவிட்டது. "நம்புறதுக்கும் தெரிஞ்சிருக்குறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று உங்கள் தங்கை போன வாரம் என்னைச் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டாள். ரசம் ஆறிப்போனதுதான் மிச்சம். என் நிலைமை இந்த அளவுக்கு வந்துவிட்டபடியால்தான், தலைமை ஆசிரியராக இருந்து ஊரையே அடக்கியவரும், சின்ன வயதில் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும், ஆகவே இந்த விஷயத்தில் முதல் பொறுப்பாளியுமான உங்களுக்கு இதை எழுதுகிறேன். அவள் இப்போது வகுப்புக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார வண்டியில் முப்பத்தோரு வருஷம் கார்டாக இருந்து, 71 ஜூன் கடைசியில் நான் ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரியும். நீங்கள்கூட வந்து மாலை போட்டுப் பேசினீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஞானஜோதியைக் கட்டிக்கொடுத்து ராஞ்சிக்கு அனுப்பியிருந்தோம். வீட்டில் நானும் தபீதாளும் ஒரு ரேடியோவும்தான். அந்த செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தவள், "சேலையூர்ல மெட்டில்டா அம்மா வீட்ல ஒரு வகுப்பு நடக்குதாம். செவ்வாய், வியாழன் சாயங்காலம். நான் போகட்டுமா?" என்று கேட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "போயிட்டு வா" என்றேன். தையலாக இருக்கும், இல்லாவிட்டால் ஊறுகாயாக இருக்கும் என்பது என் எண்ணம். இரண்டு மாதம் கழித்து, வீட்டில் புதிதாக ஊறுகாயும் வரவில்லை, தலையணை உறையும் வரவில்லை என்று கவனித்து, அது என்ன வகுப்பு என்று கேட்டேன். "தத்துவம்" என்றாள், கீரையை ஆய்ந்துகொண்டே.

மெட்டில்டா அம்மா என்பவர் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தாறு வருஷம் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேம்ப் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். யார் வந்தாலும் காசு வாங்காமல் தமிழிலேயே சொல்லித் தருகிறாராம். மாணவர்கள் மூன்று பேர். தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கும் சவுரிமுத்து, போலீஸில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்ற பக்தவச்சலம், உங்கள் தங்கை. ஐம்பத்து நாலு வயதில், பகல் சாப்பாட்டை முடித்துப் பாத்திரம் கழுவி, முகத்துக்குப் பவுடர் போட்டு, நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, ஏரிக்கரையோரமாக நடந்தே போய்வருகிறாள். போகிறவள் போய்விட்டு வந்தால் சரி. வரும்போது கூடவே ஒரு கேள்வியைக் கொண்டுவருகிறாள் என்பதுதான் சங்கடம்.

முதலில் அகப்பட்டவன் பால்காரன் துரை. ஒருநாள் காலையில் அவன் செம்பில் பாலை ஊற்றும்போது இவள் கேட்டாள்: "துரை, ஒரு படி பால்ல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா அது பால்தானே?"

"இன்னாம்மா, தண்ணி ஊத்திக்கினு வரேன்னு சொல்றியா?"

"அதை நான் கேக்கல. சும்மா சொல்லு. ஒரு சொட்டு விழுந்தா?"

"பால்தான்."

"ரெண்டு சொட்டு?"

"பால்தாம்மா."

"அப்படியே ஒவ்வொரு சொட்டா விட்டுக்கிட்டே போனா, எந்தச் சொட்டுல அது பால் இல்லாம ஆகுது?"

துரை கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் பால் வரவில்லை, நாங்கள் வரக்காப்பி குடித்தோம். மூன்றாம் நாள் வந்தவன் கேனை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "யம்மா, ரெண்டு நாளா எருமையக் கறக்கச் சொல்லோகூட இதே நெனப்பு ஓடிக்கினு கீது. ரொம்ப பேஜாரா பூட்ச்சு. நான் ஊத்துறது எனுக்குத் தெரியும். மொதல்ல கொஞ்சூண்டுதான் ஊத்தினேன். எந்தச் சொட்டுல நான் திருடன் ஆனேன்னுதான் தெர்ல" என்றான். தபீதாள் அவனுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, "எனக்கும் தெரியல துரை. நானும் அதைத்தான் யோசிக்கிறேன்" என்றாள். அன்று முதல் பால் கெட்டியாக வருகிறது. முப்பது வருஷமாகத் தண்ணீர்ப் பாலுக்குப் பழகின எனக்கு அஜீரணம்.

அடுத்தது நம் சபைப் போதகர் தேவானந்தம். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஜெபத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். நமக்கு என்ன தேவை என்பது நாம் கேட்பதற்கு முன்னாலேயே ஆண்டவருக்குத் தெரியும் என்று அவர் சொன்னதும் இவள் எழுந்து நின்று, "அப்படின்னா நாம ஏன் சொல்றோம் ஐயா?" என்று கேட்டிருக்கிறாள். மரியாதையாகத்தான் கேட்டாளாம். அவர் பதில் சொல்ல ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடியும் ஆரம்பித்து, தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டம்மா கேட்டதை இன்னும் யோசிச்சிட்டிருக்கேன் பிரதர்" என்றார். பிரசங்கம் சீக்கிரம் முடிந்ததில் சபையாருக்குச் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு வெட்கமாகிவிட்டது.

இப்போது என் இடுப்பு. போன மாதம் ஒரு மத்தியானம் கூடத்தில் கிடந்த என் பிரம்பு நாற்காலியைப் பார்த்து, "நாம யாரும் பார்க்காதப்பவும் இது இங்க இருக்குமா?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ரயில்வேயில் இருந்தவன். பார்க்காதபோதும் தண்டவாளம் இருக்கும் என்கிற ஒரே நம்பிக்கையில் முப்பத்தோரு வருஷம் ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். "இருக்குதா இல்லையான்னு இப்பக் காட்டுறேன் பார்" என்று ஓங்கி அதில் உட்கார்ந்தேன். பின்கால் இரண்டும் முறிந்து நான் தரையில் கிடந்தேன். தபீதாள் ஓடிவந்து தூக்கினாள். தூக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ஆனால் இடுப்பு விடவில்லை. மூன்று நாள் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துத் தைலம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "இப்ப நாற்காலி இருக்குதா, இல்லையா?" என்றாள். "இல்லை" என்று ஒப்புக்கொண்டேன். "விறகா இருக்குதே" என்றாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவைதான் மச்சான். கேலிக்கு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். இனி எழுதப்போவதுதான் விஷயம்.

இரண்டு வாரத்துக்கு முன்பு, இந்த வகுப்பை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு புத்தி வந்தது. அவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய நோட்டை எடுத்து, கட்டிலுக்கடியில் என் பழைய கார்டு பெட்டிக்குள், கொடிகளுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அவள் தேடினாள். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. நோட்டு இல்லாமலே வகுப்புக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துப் படித்தேன். அடுத்தவர் எழுதியதைப் படிப்பது தப்பு. நீங்கள் என்னைக் கண்டிக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். நோட்டு முழுவதும் அவளுடைய குண்டு குண்டு எழுத்து. பால், ஜெபம், நாற்காலி எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அதில் ஒன்றுமே இல்லை, நடுவில் ஒரே ஒரு வரி மட்டும்: "அவர் யார்?"

அதன் அடியில் இரண்டு முறை கோடு போட்டிருந்தாள்.

மச்சான், ஆண்டவரைப் பற்றி எழுதியிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆண்டவர் யார் என்பது ஞாயிறு பள்ளியிலேயே அவளுக்குத் தெரியும். பிறகு கம்பவுண்டர் சவுரிமுத்துவை நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன், பாவம் அந்த மனுஷனுக்கு எட்டுப் பேரப்பிள்ளைகள். கடைசியில் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் அவள் "அவர்" என்று சொன்னால் அது ஒரே ஆள்தான். பால்காரனிடம், "அவர் குளிக்கிறார்", கீரைக்காரியிடம், "அவருக்கு வாழைப்பூ ஆகாது". அந்த அவர் நான்தான். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷம் கழித்து ஒரு மனைவி புருஷனைப் பற்றி எழுதுகிற கேள்வியா இது?

மறுநாள் புதன்கிழமை, வகுப்பு இல்லாத நாள் பார்த்து, நானே மெட்டில்டா அம்மா வீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சேலை கட்டின, ஒல்லியான அம்மா. வாங்க என்று சொல்லிக் காப்பி கொடுத்தார். நான் சுற்றி வளைக்காமல், "தத்துவம்னா என்னம்மா? எனக்குப் புரியற மாதிரி ஒரு வரியில சொல்லுங்க" என்றேன். அவர் நிதானமாக யோசித்துவிட்டு, "தெரியல சார்" என்றார். இருபத்தாறு வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்தவர் சொல்கிற பதில். சிக்னல் என்றால் என்னவென்று தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே சார்ஜ்ஷீட் கொடுத்திருப்பார்கள்.

"சரி, அதனால ஏதாவது பிரயோஜனமாவது உண்டா?" என்றேன்.

"உங்க வீட்டுல பால் கெட்டியா வருதுன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கல்லூரியில பிள்ளைங்க பரீட்சைக்காகப் படிச்சாங்க. இங்க வர்றவங்க அப்படி இல்ல சார். ஒவ்வொருத்தரும் வீட்டுல ஒரு கேள்வியை வச்சுக்கிட்டு, அதோட தனியா இருக்க முடியாம வர்றாங்க. பக்தவச்சலம் சார் ஒருத்தரை அடிச்சு ஒப்புக்கவச்சது சரியா தப்பான்னு கேட்டுக்கிட்டு வந்தாரு. இருபது வருஷத்துக் கேள்வி. அதை அவரே எல்லார்கிட்டயும் சொல்வாரு, அதனால நான் சொல்றேன். உங்க வீட்டம்மாவும் ஒண்ணு கொண்டுவந்தாங்க."

"என்ன கேள்வி?"

"அதை அவங்கதான் சொல்லணும்."

நான் மேலே கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. வரும் வழியில் ஏரிக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்டதில் என்ன தப்பு மச்சான்? முப்பத்தோரு வருஷம் எனக்கு ஷிப்டு. விடியற்காலை டியூட்டி என்றால் நான் எழுந்து போகும்போது அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள். மத்தியான டியூட்டி என்றால் நான் வரும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள், தட்டு மூடி வைத்திருக்கும். நாங்கள் பேசினதையெல்லாம் சேர்த்தால், "டியூட்டி எப்போ", "சாப்பிட்டாச்சா", "பிள்ளைக்குக் காய்ச்சல்", இவ்வளவுதான் தேறும். பல்லாவரத்தில் தினமும் ஏறுகிற ஆபீஸ்காரர்களுக்கு என்னைத் தெரிந்த அளவுகூட அவளுக்கு என்னைத் தெரியச் சந்தர்ப்பம் இல்லை. இப்போது இரண்டு வருஷமாக ஒரு ஆள் வீட்டிலேயே உட்கார்ந்து, சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் லேட்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், யார் இந்த மனுஷன் என்று கேட்கத்தானே தோன்றும்?

நோட்டை அவள் வைத்திருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. என்னால் முடிந்த வரைக்கும் திருந்திப் பார்க்கிறேன். போன சனிக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டில் இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்து கொடுத்தேன். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றாள். "சும்மா" என்றேன். "சும்மான்னா?" என்றாள். ஆனால் பூவை வைத்துக்கொண்டாள்.

ஆகவே மச்சான் தயவு பண்ணி ஒரு நடை சிட்லபாக்கம் வரவேண்டும். அண்ணன் என்ற முறையில் அவளை உட்காரவைத்துப் பேசி, இந்த வகுப்பை நிறுத்தச் சொல்லவேண்டும். நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள். அப்படி நிறுத்த மறுத்தால், அந்தக் கடைசிப் பக்கத்துக் கேள்விக்கு அவள் என்ன பதில் கண்டுபிடித்திருக்கிறாள் என்றாவது பக்குவமாகக் கேட்டு எனக்குச் சொல்லுங்கள். பதில் எனக்குப் பாதகமாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். முழுக்கச் சொல்லவேண்டாம், பாதி சொன்னால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். ஆண்டவர் உங்கள் சுகத்தையும் உங்கள் கண்பார்வையையும் காத்து, இந்தக் கடிதத்தைச் சிரிக்காமல் படிக்கிற பொறுமையையும் தருவாராக. கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
வேதசிரோமணி,
கார்டு (ஓய்வு).

பி.கு.: அண்ணன், இது தபீதாள் எழுதுவது. எப்போது கடிதம் எழுதினாலும் எழுத்துப் பிழை பார்த்து ஒட்டித் தபாலில் சேர்க்க என்னிடம் கொடுப்பது அவர் வழக்கம். இதையும் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் உள்ளே என்ன எழுதினோம் என்பது ஞாபகம் வந்திருக்கிறது. "நீ படிக்காதே, பிழை மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டு மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறார். பிழை ஏழு இருந்தது, திருத்திவிட்டேன்.

நோட்டை அவர் எடுத்ததும் வைத்ததும் எனக்குத் தெரியும். ஏட்டில் கார்டு பெட்டியின் கிரீஸ் வாசனை. அவர் எழுதியிருப்பதில் பால், நாற்காலி எல்லாம் சரிதான். அந்தக் கேள்வி மட்டும் நான் அவரைப் பார்த்துக் கேட்டது இல்லை. அது அவரே கேட்டது.

நீங்கள் விழாவுக்கு வந்து மாலை போட்டுப் போன மறுநாள் காலை, ஜூலை ஒன்றாம் தேதி. நான் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். யூனிபாரம் போடாமல், பனியனோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார். "தபீ, இனிமே நான் யாரு?" என்றார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்து, "ஞானஜோதியோட அப்பா" என்றேன். "சரி" என்றார். "என் வீட்டுக்காரர்" என்றேன். "சரி. அப்புறம்?" என்றார். எனக்கு அப்புறம் சொல்ல ஒன்றும் வரவில்லை அண்ணன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். ரவை கருகிப்போயிற்று. சாயங்காலத்துக்குள் அவர் அதை மறந்துவிட்டார், இந்தக் கடிதத்தைப் பார்த்தால் இன்றுவரை ஞாபகமே இல்லை என்று தெரிகிறது. எனக்கு மறக்கவில்லை. போதகர் ஐயாவிடம் கேட்டேன், ஜெபிப்போம் என்றார். ஞானஜோதிக்கு எழுதினேன், அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் மெட்டில்டா அம்மா வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அவருக்கு ஒரு பதில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன். இரண்டு, மூன்று வாரத்தில் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

நீங்களும் மதினியும் கட்டாயம் வாருங்கள். செவ்வாய், வியாழன் தவிர எந்த நாளும் சௌகரியம். இதை அவரிடம் நீங்கள் சொல்லவேண்டாம், இன்று ராத்திரி சாப்பிடும்போது நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாகியும் பதில் கிடைக்கவில்லை. என்னைக் கண்காணிக்கிற வேலையில் அவரும் அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அப்படியானால் நிறுத்திவிடலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். நிறுத்தலாம்தான். ஆனால், "நீங்க யாருன்னு இப்ப எனக்கே தெரிஞ்சுக்கணும் போலிருக்கு" என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தபீதாள்.